சேக், சாக்கு, சாக்குப்போக்கு

கேள்வி:

எங்கள் வீடு பெஸ்தாரி ஜெயா பக்கம். தாத்தா, அப்பா எல்லாரும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். நான் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக இருக்கிறேன். இப்போது எங்கள் பிரிவையே மூடப்போகிறார்களாம். மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு, "வீ ஹேவ் டு லெட் யூ கோ" என்றார்கள். கடிதம் எதுவும் தரவில்லை. ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதம் ஒன்றை நீட்டி, "நீயே ரிசைன் பண்ணிட்டதா இருந்தா உன் ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்றார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இதற்கிடையில் கோலசிலாங்கூரில் வேறோர் இடத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பழைய வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டார்கள். "ஐ காட் எ சேக்" என்று சொன்னேன். கேட்ட அம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? ஆங்கிலப் படங்களில் ஃபயர், பூட், ஆக்ஸ், பிங்க் ஸ்லிப் என்று ஏதேதோ வருகிறதே, எல்லாம் ஒன்றுதானா? என் தோழி வேறு கோல்ட் ஷோல்டர், ரெயின் செக் என்றெல்லாம் எழுதுகிறாள். எதை எங்கே சொல்லலாம் என்று விளக்குங்கள், ஐயா.

– வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்:

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா. இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் மொழி வாத்தியார், வழக்கறிஞர் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் சொற்களுக்குள் பணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் மொழியை மட்டும் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

பிரிவை மூடுவதால் வேலை போகிறது என்றால் அதற்கு நம் நாட்டில் புழங்கும் சொல் ரெட்ரெஞ்ச்மென்ட், அதாவது ஆட்குறைப்பு. உங்கள்மேல் குற்றம் இல்லை, உட்கார்ந்திருந்த நாற்காலியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். உங்கள் சம்பளம் மாதம் 4,000 வெள்ளிக்குள் இருந்தால், 1980-ஆம் ஆண்டுப் பணிநீக்க இழப்பீட்டு விதிமுறைகளின்படி நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்குப் பதினைந்து நாள், அதற்கு மேல் இருபது நாள். உங்கள் மூன்று ஆண்டுக்கு 45 நாள் சம்பளம் வருகிறது. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். முன்னறிவிப்புக் காலமும் உண்டு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஆட்குறைப்பில் உங்கள் சேவைக்காலத்துக்குக் குறைந்தது ஆறு வாரம்.

இதோடு முடியவில்லை. சொக்சோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேலை இழந்தவருக்கு முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு வரை கிடைக்கும், அடுத்தடுத்த மாதங்களில் அது குறைந்துகொண்டே போகும். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். யாருக்குக் கிடைக்காது தெரியுமா? தவறான நடத்தைக்காக நீக்கப்பட்டவருக்குக் கிடைக்காது. தானாக விரும்பி ராஜினாமா செய்தவருக்கும் கிடைக்காது.

இப்போது அந்தத் தட்டச்சுக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். "ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று சொன்னார்களே, சுத்தமாவது யாருடைய கணக்கு? ஆட்குறைப்பு என்றால் நிறுவனம் குறைந்தது 30 நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்குப் படிவம் அனுப்ப வேண்டும், இழப்பீடும் கட்ட வேண்டும். நீங்களே போவதாக எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டுமே இல்லை. மிரட்டி வாங்கிய ராஜினாமா உண்மையில் பணிநீக்கம்தான் என்று வாதாடலாம். 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதற்கு 60 நாள் அவகாசம் தருகிறது. ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். எதற்கு அந்தச் சுமை?

ஆங்கிலத்தில் வேலை போவதைச் சொல்ல இரண்டு அகராதிகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேலை இழந்தவன் தன் கூட்டாளியிடம் பேசுவது: சேக், பூட், ஆக்ஸ். கரடுமுரடாக இருக்கும், வலி தெரியும், பொய் இருக்காது. இன்னொன்று அலுவலகம் பேசுவது: லெட் கோ, ரிலீஸ், ரைட்சைசிங், மியூச்சுவல் செப்பரேஷன். பஞ்சுபோல் இருக்கும். என் அனுபவத்தில் பயப்பட வேண்டியது பஞ்சுக்குத்தான். ‘லெட் கோ’ என்ற சொல்லைப் பாருங்கள், ஏதோ கூண்டில் இருந்த கிளி பறக்கத் துடித்ததைப் போலவும் இவர்கள் மனமிரங்கித் திறந்துவிட்டதைப் போலவும் இருக்கிறது.

இனி அந்த அம்மாவின் முகம் மாறிய கதைக்கு வருவோம். அதில் இரண்டு சிக்கல். முதலாவது சின்னது. ‘ஐ காட் எ சேக்’ என்றால் எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது என்று பொருள். அரிசி மூட்டையா, உர மூட்டையா என்று அவர் யோசித்திருக்கலாம். வேலை போனதைச் சொல்லும்போது ‘த சேக்’ என்றுதான் வரும். இந்த வகைக் கொச்சைத் தொடர்களில் பெரும்பாலும் இதே அச்சுதான்: கெட் த சேக், கெட் த பூட், கெட் த ஆக்ஸ், கெட் த சாப், கெட் த புஷ், கெட் த எல்போ. நடுவில் இருக்கும் ‘த’வை ‘எ’ ஆக்கினால் பொருள் கெட்டுவிடும். வாங்கியவர் ‘கெட்’ என்பார், கொடுத்தவரைப் பற்றிப் பேசும்போது ‘கிவ்’ வரும். ஏதோ பரிசு கைமாறுவது போன்ற அமைப்பு. மலாய்க்காரர்கள் ‘கெனா’ என்று சொல்வதும், அதைக் கடன் வாங்கி நம் பிள்ளைகள் "கெனா சேக்" என்பதும் கிட்டத்தட்ட இதே மனநிலைதான்: நான் எதுவும் செய்யவில்லை, வந்து விழுந்தது.

இரண்டாவது சிக்கல் பெரியது. ‘சேக்’ என்ற சொல்லைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் மனத்தில் வரும் அடுத்த கேள்வி, "என்ன தப்பு பண்ணினாள்?" என்பது. திருட்டா, சண்டையா, தொடர்ந்து மட்டமா? ஆட்குறைப்பில் போனவரை யாராவது சேக் ஆனார் என்று சொன்னால் இலக்கணப்படி பெரிய குற்றமில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் அது உங்களுக்கு நீங்களே வைத்துக்கொண்ட கரும்புள்ளி. பிரிட்டிஷ்காரர் இந்த இடத்தில் ‘மேட் ரிடண்டன்ட்’ என்பார், அமெரிக்கர் ‘லெய்ட் ஆஃப்’ என்பார், நாம் ‘ரெட்ரெஞ்ச்ட்’ என்போம். மூன்றும் கோலசிலாங்கூரில் செல்லும்.

சேக் என்பதற்கு ஏன் அப்படிப் பொருள் வந்தது? கைவினைஞர்கள் தங்கள் கருவிகளைச் சாக்குப் பையில் போட்டு முதலாளியிடம் கொண்டு வருவார்களாம். போகச் சொல்லும்போது அந்தப் பையைக் கையில் கொடுத்துவிடுவாராம். ஆங்கிலத்தில் 1825 வாக்கில் எழுத்தில் காணப்படுகிறது. பிரெஞ்சில் இதே மாதிரித் தொடர் அதற்கு முன்பே பதினேழாம் நூற்றாண்டில் இருந்திருக்கிறது. நம் சாக்கும் ஐரோப்பியர் வழியாக வந்த அதே சாக்குதான்.

ஃபயர் அமெரிக்கச் சரக்கு, 1880-களில் வந்தது. துப்பாக்கியைச் சுடுவதற்கும் வேலையிலிருந்து விடுவிப்பதற்கும் ‘டிஸ்சார்ஜ்’ என்ற ஒரே சொல் இருந்ததால், அதை வைத்து விளையாடியிருக்கிறார்கள். வேண்டாதவன் வீட்டைக் கொளுத்துவார்கள், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அதை நம்ப வேண்டாம். நமக்கு இதில் வேறொரு பள்ளம் உண்டு. நம் ஊர்ப் பேச்சில் "பாஸ் என்னை ஃபயர் பண்ணிட்டாரு" என்றால் பல நேரம் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார், திட்டிவிட்டார் என்றுதான் பொருள். இதை ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால், "அப்புறம் இன்றைக்கு எப்படி வேலைக்கு வந்தாய்?" என்று கேட்பார். திட்டு வாங்கியதைச் சொல்ல ‘ஸ்கோல்டட்’ போதும்.

‘பூட்’ என்பதற்கு விளக்கம் வேண்டாம். துரையின் பூட்ஸைப் பக்கத்தில் பார்த்த தலைமுறை உங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும்.

ஆக்ஸ் ஆளைவிடப் பதவிகளையும் திட்டங்களையும் வெட்டப் பயன்படுவது. பத்திரிகைத் தலைப்புகளுக்குச் செல்லப்பிள்ளை, ஏனென்றால் குட்டையான சொல். பிரிட்டனில் 1922-இல் எரிக் கெடிஸ் குழுவின் பரிந்துரைப்படி அரசாங்கச் செலவுகளை வெட்டியதை இன்றும் ‘கெடிஸ் கோடாரி’ என்கிறார்கள். பிங்க் ஸ்லிப் அமெரிக்காவோடு நிற்கட்டும். இங்கே யாரும் இளஞ்சிவப்புத் தாள் கொடுப்பதில்லை. ‘கெட் யுவர் கார்ட்ஸ்’ என்பது பிரிட்டிஷ் தொழிலாளர் பேச்சு: முதலாளியிடம் இருக்கும் காப்புறுதி அட்டையை வேலை போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இப்போது அந்த அட்டையும் இல்லை, பேச்சும் பழசாகிவிட்டது. ‘மார்ச்சிங் ஆர்டர்ஸ்’ பட்டாளத்திலிருந்து வந்தது, இன்று காற்பந்து வருணனையில் சிவப்பு அட்டை காட்டும்போதெல்லாம் கேட்கலாம்.

தமிழில் மட்டும் என்ன குறைச்சல்? ‘சீட்டைக் கிழிச்சிட்டாங்க’, ‘கல்தா கொடுத்துட்டாங்க’, ‘வீட்டுக்கு அனுப்பிட்டாங்க’. ஆனால் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டால் இவ்வளவு அலங்காரம் வராது. "நிறுத்திட்டாங்க" என்பார்கள், அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. ஆங்கிலேயத் தச்சன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். தோட்டத்தில் வீடே தோட்டத்துடையது. வேலை நின்றால் லயத்துக் கதவும் சாத்திக்கொள்ளும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் மாறும். லாரியில் ஏறுவது குடும்பம் முழுவதும். அந்த நிலைமையில் கொச்சை பேசி விளையாட யாருக்கு மனம் வரும்?

உங்கள் பகுதியிலேயே பாருங்கள். மலாயாவில் வணிக நோக்கில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம் தென்னமராம் தோட்டம். 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் கோங்கூர் பரிசு கிடைத்தது. தோட்டத்தின் பெயர் நம் தென்னைமரம்தான் என்று சொல்லத் தேவையில்லை. அவருக்குப் பரிசு கிடைத்த அதே காலத்தில்தான் ரப்பர் விலை படுத்தது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். அதற்கு அதிகாரிகள் வைத்த பெயர் ‘ரிபேட்ரியேஷன்’, தாயகம் அனுப்புதல். கேட்க எவ்வளவு கனிவு! இன்றைய ‘லெட் கோ’வுக்கு அது பாட்டி முறை.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் கேட்டவற்றைப் பாருங்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போக வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பவற்றோடு, குறை சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்பதும் இருந்தது. வேலையை விட்டு நிறுத்துவது எப்படிப்பட்ட ஆயுதம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாதனை மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள்.

ஐம்பதுகளில் வந்த சொல் ‘துண்டாடல்’. வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அதைச் சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். பழைய ஆள்கள் துண்டுக் கணக்கில் வரவில்லை. அதற்கு மறுமொழியாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்தது ‘பெர்மிட்’. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, "பெர்மிட் இல்ல" என்ற இரண்டு சொல் ஆயிரக்கணக்கானோரின் சீட்டைக் கிழித்தது. உங்கள் தாத்தாவைக் கேட்டிருந்தால் அந்தச் சொல்லின் எடையைச் சொல்லியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து இலங்கைத் தோட்டங்களில் நிலைமை தலைகீழ். அங்கே போக விடமாட்டார்கள். கடனைக் கட்டினால் இந்த ஆள்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். ஆங்கிலத் துரைமாரும் தங்கள் கடிதங்களில் அதைத் ‘துண்டு’ என்றே எழுதினார்கள். 1921-இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போவது பற்றி நாம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொல் அது.

மறுபடி உங்கள் பகுதிக்கே வருவோம். மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் எத்தனை காலம் வீடு கேட்டு அலைந்தார்கள் என்பதை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். 245 வீடுகள் கட்டும் திட்டம் 2024-இல்தான் அமைந்தது. வேலை போய்ப் பல வருடம் கழித்து வீட்டுப் பேச்சு. அதனால்தான் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

சரி, தோழியின் விஷயம். இது கொஞ்சம் இலகுவானது.

கோல்ட் ஷோல்டர் என்றால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது. வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத் தோள்கறியை வைப்பார்கள், அதிலிருந்து வந்தது என்பது சுவையான கதை, சான்று போதாது. 1816-இல் வால்டர் ஸ்காட் எழுதிய நாவலில் வரும் இடத்தைப் பார்த்தால் தோளைத் திருப்பிக்கொள்வதாகவே தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் நம் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கு அது ஒன்றுவிட்ட உறவு.

ரெயின் செக் அமெரிக்க பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது. மழையால் ஆட்டம் நின்றால் வேறொரு நாள் வந்து பார்க்கக் கொடுக்கும் சீட்டு. இன்று, "இந்தத் தடவை முடியாது, பிறகு பார்ப்போம்" என்பதற்கு மரியாதையான சொல். நாளும் நேரமும் சேர்த்துச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் அது வரமாட்டேன் என்பதுதான். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "ஜாதகம் கொஞ்சம் இடிக்குது, வீட்டுல கேட்டுச் சொல்றோம்" என்பார்களே, அந்த ஜாதி.

உங்கள் வயதுக்காரர்கள் ‘எஃப்.எஃப்.கே.’ என்கிறீர்கள். கண்டோனிஸ் சீனத்தில் விமானம் விடுவது என்று வரும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது. இங்கே மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் புரியும், ஜொகூர் பாலத்தைத் தாண்டியும் கொஞ்ச தூரம் செல்லும். லண்டனில் செல்லாது. அங்கே ‘ஷி ஸ்டுட் மீ அப்’ என்று சொல்லுங்கள். செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதை நாம் ‘புளூடிக் பண்ணிட்டான்’ என்று வினையாகவே ஆக்கிவிட்டோம். ஆங்கிலேயர் ‘லெஃப்ட் மீ ஆன் ரீட்’ என்கிறார்கள். நம்முடையதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது, சுருக்கமாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருக்கிறது. ஒரேயடியாகக் காணாமல் போனால் கோஸ்டிங். வேலையோ, கல்யாணமோ, கடனோ, எதை மறுத்தாலும் பயமில்லாமல் பயன்படுத்தக்கூடிய நடுநிலைச் சொல் ‘டர்ன் டவுன்’. தெரியாத இடத்தில் இதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்முகத் தேர்வு முடிந்ததும் "வீ வில் லெட் யூ நோ" என்று சொன்னார்களா? அது மறுப்பு என்று முடிவுகட்ட வேண்டாம், சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மாவுக்கு நீங்கள் இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, "மை டிபார்ட்மென்ட் இஸ் க்ளோசிங், அண்ட் மை பொசிஷன் ஹேஸ் பீன் மேட் ரிடண்டன்ட்" என்று ஒரு வரி எழுதுங்கள். அன்றைக்குச் சொன்னதற்கு மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரியே சரிசெய்துவிடும்.

உங்கள் மனிதவளப் பிரிவுக்கும் எழுத்தில் ஒன்று போகட்டும். பேச்சில் வேண்டாம். பிரிவு மூடப்படுவதால் வேலை முடிகிறது என்பதைக் கடிதமாகத் தாருங்கள், ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, இழப்பீடு எவ்வளவு, கடைசி நாள் எது என்று மூன்று நான்கு வரியில் மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் பிரிவில் அதே வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால், ஆட்குறைப்பில் முதலில் அவர்களைத்தான் நிறுத்த வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ராஜினாமாத் தாளைக் கிழித்துவிட வேண்டாம். அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, அசலையும் கையோடு கொண்டுபோங்கள்.